ஆளைக் கண்டெடுக்கத் தெரிந்த அணி

2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் நடந்த ஐபிஎல் இறுதிப்போட்டியில் பெங்களூரு அணி பஞ்சாபை 6 ரன் வித்தியாசத்தில் வென்று முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. டெல்லி கேப்பிடல்ஸ் அந்தப் பக்கமே இல்லை. லீக் சுற்றில் ஐந்தாம் இடத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தது. ஆனாலும் அன்று ஆடியவர்களின் பட்டியலைப் பார்த்த டெல்லி ரசிகருக்கு வயிறு எரிந்திருக்கும். பெங்களூருவின் தொடக்க ஆட்டக்காரர் விராட் கோலி, மேற்கு டெல்லியில் வளர்ந்தவர். 2008இல் டெல்லி அணி நினைத்திருந்தால் எடுத்திருக்கக்கூடியவர். பஞ்சாப் கேப்டன் ஸ்ரேயஸ் ஐயர், 2015 முதல் 2021 வரை டெல்லிக்காரர். அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரிக்கி பான்டிங், அதற்கு முந்தைய ஆண்டுவரை ஏழு சீசன் டெல்லியின் பயிற்சியாளர். தொடக்க ஆட்டக்காரர் பிரியான்ஷ் ஆர்யாவோ டெல்லி பிரீமியர் லீக்கில் ஒரே ஓவரில் ஆறு சிக்சர் அடித்து வெளிச்சத்துக்கு வந்த உள்ளூர்ப் பையன்.

2008 முதல் ஒரு சீசனும் தவறாமல் ஆடி, 2025 வரை கோப்பையைத் தொடாத அணிகள் இரண்டுதான்: டெல்லியும் பஞ்சாபும். இந்த 18 சீசன்களில் டெல்லி முதல் நான்கு இடங்களுக்குள் வந்தது ஆறு முறை. லீக் சுற்றில் மூன்று முறை முதலிடம். கடைசி இடம் நான்கு முறை: 2011, 2013, 2014, 2018. இறுதிப்போட்டி ஆடியது ஒரே ஒரு முறை, 2020இல்.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. விலை உயர்ந்த பெரிய பெயர்களை விடு, சின்னப் பையன்களை எடு, வளர்த்துவிடு. டெல்லி இந்த வைத்தியத்தை ஒருமுறையல்ல, பலமுறை செய்து பார்த்தது. ரிஷப் பந்த், ஸ்ரேயஸ் ஐயர், அபிஷேக் சர்மா, ஆவேஷ் கான், கலீல் அகமது என்று அந்த உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்த பெயர்களை வைத்தே ஒரு நல்ல அணியைக் கட்டிவிடலாம். ஆளைக் கண்டுபிடிப்பதில் டெல்லிக்குக் குறை இருந்ததில்லை. கண்டுபிடித்த ஆளைத் தேறும்வரை கையில் வைத்திருப்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

சொல்லிக்கொடுப்பது ஒருவர், ஆட்டுவிப்பது ஒருவர்

ஐபிஎல் அணி ஒன்று இளைஞரை வளர்ப்பது என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஐரோப்பியக் கால்பந்துக் கழகம் எட்டு வயதுப் பையனைத் தன் அகாடமியில் சேர்த்துப் பதினெட்டு வயதில் களத்தில் இறக்கும். இங்கிலாந்துக் கவுண்டி அணிகளுக்கும் சொந்த அகாடமி உண்டு. ஐபிஎல்லில் அந்த உரிமை கிடையாது. பையன் மாநிலச் சங்கத்தைச் சேர்ந்தவன்; ஐபிஎல் அணிக்கு ஏலத்தின் வழியாகத்தான் வருகிறான். வந்தபின் அவனுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு இரண்டு மாதம், 14 லீக் ஆட்டம். ஓர் அணியில் 25 பேர்வரை இருக்கலாம். ஆடப்போவது பதினொருவர், 2023 முதல் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதியால் பன்னிரண்டாவதாக ஒருவர். மீதிப் பேருக்கு வலைப்பயிற்சியும் தண்ணீர்ப் பாட்டிலும்தான்.

டெல்லியில் பையன்களை உண்மையில் உருவாக்குவது தனியார் கோச்சுகளும் கிளப்புகளும். தாரக் சின்ஹா 1969இல் தொடங்கிய சானெட் கிளப்பிலிருந்து மனோஜ் பிரபாகர், ஆசிஷ் நெஹ்ரா, ஷிகர் தவான், ரிஷப் பந்த் என்று வரிசையாக இந்திய வீரர்கள் வந்தார்கள். சின்ஹாவுக்கு 2018இல் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. 2021 நவம்பரில் காலமானார். ராஜ்குமார் சர்மாவின் மேற்கு டெல்லி அகாடமியில் கோலி வளர்ந்தார். சஞ்சய் பரத்வாஜிடம் கவுதம் கம்பீர் கற்றார். உத்தராகண்டின் ரூர்க்கியிலிருந்து அம்மாவோடு வந்து, மோதி பாக் குருத்வாராவில் தங்கிச் சானெட்டில் பயிற்சி எடுத்தவர் பந்த். இந்த உழைப்பில் ஐபிஎல் அணியின் பங்கு எதுவும் இல்லை.

மாநிலச் சங்கம் என்று பார்த்தால், டெல்லி மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் கதை வேறு. நிர்வாகக் குழப்பம் முற்றி, 2017இல், ஓய்வுபெற்ற நீதிபதி விக்ரமஜித் சென் என்பவரை டெல்லி உயர்நீதிமன்றம் நிர்வாகியாக நியமிக்க வேண்டியிருந்தது. ஏழு முறை ரஞ்சிக் கோப்பையை வென்ற டெல்லி, கடைசியாக அதை வென்றது 2007-08 சீசனில், கம்பீர் தலைமையில்.

ஆக, ஐபிஎல் அணியிடம் பையன் வந்து சேர்வது பத்தொன்பது, இருபது வயதில். அடிப்படை ஆட்டத்தை அதற்குள் வேறு யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள். அணி கொடுக்கக்கூடியது மூன்று: ஆட வாய்ப்பு, தோற்றாலும் அடுத்த ஆட்டத்தில் இடம் உண்டு என்ற உறுதி, அவனை அறிந்த ஒரு பயிற்சியாளர் தொடர்ந்து கூட இருப்பது. டெல்லியின் வரலாற்றை இந்த மூன்றை வைத்தே படிக்கலாம்.

நியாயமான முடிவுகள், மோசமான விளைவுகள்

2008 மார்ச்சில் கோலி தலைமையில் இந்தியா 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியின் பையன்களை ஐபிஎல் அணிகள் தேர்ந்தெடுத்தபோது டெல்லி கோலியை விட்டுவிட்டு வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. இன்றைக்கு இது கேலிக்குரிய கதை. அன்றைக்கு அது கணக்கு சரியாக வந்த முடிவு. சேவாக், கம்பீர், தவான், தில்ஷான், டி வில்லியர்ஸ், மனோஜ் திவாரி என்று பேட்டர்கள் நிரம்பி வழிந்த அணிக்குத் தேவைப்பட்டது பந்துவீச்சாளர். சங்வானும் அந்த ஆண்டு ரஞ்சி வென்ற டெல்லி அணியில் இருந்தவர்.

அதே போலத்தான் தவான். 2008இல் டெல்லிக்காக 340 ரன் எடுத்த அவரை மும்பைக்குக் கொடுத்து ஆசிஷ் நெஹ்ராவை வாங்கியது அணி. நெஹ்ரா 2009இல் 19 விக்கெட் எடுத்தார். டெல்லி லீக்கில் முதலிடம் பிடித்தது. அந்த ஒரு ஆண்டுக்கு அது லாபம். அடுத்த பத்தாண்டுகளுக்கு?

2011 ஏலத்துக்குமுன் டெல்லி தன் பழைய அணியைக் கலைத்துப் போட்டது. டி வில்லியர்ஸ் பெங்களூரு போனார். கம்பீர் கொல்கத்தா போய் 2012இலும் 2014இலும் கோப்பை வென்றார். 2009இல் டெல்லிக்கு வந்தபோது முதல்தர ஆட்டங்களில் ஆரம்ப நிலையில் இருந்த டேவிட் வார்னர், 2014இல் ஹைதராபாத் போய் 2016இல் கேப்டனாகக் கோப்பை தூக்கினார். டெல்லி அவர்களுக்குப் பதிலாகப் பெரும் பணத்தைப் பெரும் பெயர்களில் கொட்டியது. 2014இல் தினேஷ் கார்த்திக்குக்கு 12.5 கோடி, கெவின் பீட்டர்சனுக்கு 9 கோடி. அந்த ஆண்டு 14 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. பாடம் படிக்காமல் 2015இல் யுவராஜ் சிங்குக்கு 16 கோடி.

அதே ஏலத்தில், பெரிதாக யாரும் கவனிக்காமல், மும்பைப் பையன் ஒருவனை டெல்லி 2.6 கோடிக்கு எடுத்தது.

ஒரு வாரத்தில் இரண்டு உலகம்

அந்தப் பையன் ஸ்ரேயஸ் ஐயர். அவரைச் சிறுவயதிலிருந்தே அறிந்த பிரவீண் ஆம்ரே அப்போது டெல்லி அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தார். 2015இல் யுவராஜ் 248 ரன் எடுத்தபோது, ஸ்ரேயஸ் 439 ரன் எடுத்து வளரும் வீரர் விருதை வாங்கினார். அதைவிட முக்கியமானது அடுத்த ஆண்டு. 2016இல் ஆறு ஆட்டத்தில் அவர் எடுத்தது மொத்தம் 30 ரன். வேறு அணியாக இருந்தால், அல்லது டெல்லியே வேறு ஆண்டில் இருந்தால், அத்தோடு கதை முடிந்திருக்கும். இந்த முறை கைவிடவில்லை. 2017இல் 338 ரன்.

அந்தப் பொறுமைக்குப் பின்னால் இருந்தவர் ராகுல் டிராவிட். 2016இல் டெல்லியின் வழிகாட்டியாக அவர் வந்தார். பேடி அப்டன் தலைமைப் பயிற்சியாளர், ஜாகீர் கான் கேப்டன். டிராவிட் அப்போது இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் இந்தியா ஏ அணிக்கும் பயிற்சியாளர். நாட்டில் எந்தப் பையன் எப்படி ஆடுகிறான் என்பது அவருக்கு அத்துப்படி. 2016 பிப்ரவரி 6 அன்று வங்கதேசத்தில் நமீபியாவுக்கு எதிராக ரிஷப் பந்த் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் காலிறுதியில் 111 ரன் எடுத்தார். அதே நாளில் இங்கே நடந்த ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 1.9 கோடிக்கு அவரை டெல்லி எடுத்தது. சஞ்சு சாம்சனும் கருண் நாயரும் அதே ஏலத்தில் வந்தார்கள். 8.5 கோடிக்கு எடுத்த பவன் நேகி சோபிக்கவில்லை என்பதும் அந்த ஏலக் கதையின் பகுதிதான். பெரிய விலையில் ஏமாந்து சின்ன விலையில் அள்ளுவது டெல்லிக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இளைஞர்களை நம்பும் அணி எப்படி இருக்கும் என்பதை 2017இன் ஒரே வாரம் காட்டிவிடும். ஏப்ரல் 30, மொகாலி: டெல்லி 67 ரன்னுக்குச் சுருண்டது. மே 4, டெல்லியின் கோட்லா மைதானம்: குஜராத் லயன்ஸ் வைத்த 209 ரன் இலக்கைப் பந்த் 43 பந்தில் 97, சாம்சன் 61 என்று அடித்து, 15 பந்து மீதம் வைத்து எட்டியது. மே 6, அதே கோட்லா: மும்பைக்கு எதிராக 66 ரன்னுக்கு எல்லோரும் அவுட்; 146 ரன் வித்தியாசத்தில் தோல்வி. திறமை இருக்கிறது, நிதானம் இல்லை. இருபது வயதில் அது இருக்கவும் இருக்காது. பக்கத்தில் நின்று ஓவரைக் கடத்திவிடும் ஒரு மூத்தவர் இல்லாத அணிக்கு இப்படித்தான் நடக்கும்.

அந்த ஆண்டே டிராவிட் போய்விட்டார். இந்திய வாரியத்தின் பயிற்சியாளர் ஐபிஎல் அணியிலும் இருப்பது இரட்டைப் பதவி என்று எழுந்த கேள்வி அவரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தது. இரண்டு ஆண்டில் கட்டிய வேலை பாதியில் நின்றது.

2018: இளமை மட்டும் போதாது என்று காட்டிய ஆண்டு

2018இல் பான்டிங் வந்தார். கம்பீர் கேப்டனாகத் திரும்பி வந்தார். ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி கண்டதும் ஏப்ரல் 25 அன்று கேப்டன் பதவியையும் அந்த சீசனுக்கான சம்பளத்தையும் விட்டுக்கொடுத்தார். 23 வயது ஸ்ரேயஸ் கேப்டன் ஆனார். முதல் ஆட்டத்திலேயே கொல்கத்தாவுக்கு எதிராக 40 பந்தில் ஆட்டமிழக்காமல் 93. பந்த் அந்த சீசனில் 684 ரன். ஹைதராபாத்துக்கு எதிராக 63 பந்தில் ஆட்டமிழக்காமல் 128. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வென்ற கேப்டன் பிரித்வி ஷாவை 1.2 கோடிக்கும், அதே அணியின் அபிஷேக் சர்மாவை 55 லட்சத்துக்கும் எடுத்திருந்தார்கள். அபிஷேக் தன் முதல் ஆட்டத்தில் 19 பந்தில் 46 அடித்தார். நேபாளத்தின் 17 வயது சந்தீப் லாமிசானே 20 லட்சத்துக்கு வந்து நன்றாக வீசினார்.

அணி வந்தது கடைசி இடம்.

அதே ஆண்டில் கோப்பையை வென்றது சென்னை சூப்பர் கிங்ஸ். தோனிக்கு 36 வயது, வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, தாஹிருக்கு 39. ‘அப்பாக்களின் படை’ என்று கிண்டலடிக்கப்பட்ட அந்த அணிக்காக இறுதிப்போட்டியில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 அடித்தார். இளைஞர்களை எடுப்பதே தனி அறம் என்று நம்புபவர்கள் இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரபாடா காயத்தால் வரமுடியாமல் போன பந்துவீச்சும் தளர்ந்து, ஆட்டத்தை நிதானமாக முடித்துவைக்க ஆளும் இல்லாமல், தனித்தனியாக மின்னிய பையன்களைக் கொண்டு அணி ஜெயிக்கவில்லை.

2018 முடிவில் டெல்லி செய்ததுதான் அதன் வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான வேலை. அணி ‘டெல்லி கேப்பிடல்ஸ்’ என்று பெயர் மாறியது; ஜிஎம்ஆர் குழுமத்தோடு ஜேஎஸ்டபிள்யூ பாதிப் பங்குதாரராக வந்திருந்தது. இளைஞர்களைக் கலைக்காமல் அவர்களைச் சுற்றி மூத்தவர்களை நிறுத்தினார்கள். தவான் ஊர் திரும்பினார். சவுரவ் கங்குலி 2019இல் ஆலோசகராக வந்தார். அடுத்து அஸ்வினும் ரஹானேயும். பான்டிங் ஆண்டுக்கு ஆண்டு மாறவில்லை. ஸ்ரேயஸ், பந்த், ஷா, ரபாடா, அக்சர் படேல் என்ற மையக் கூட்டமும் மாறவில்லை. 2019இல் மூன்றாம் இடம், 2020இல் இறுதிப்போட்டி, 2021இல் லீக்கில் முதலிடம். தொடர்ந்து மூன்று ஆண்டு டெல்லி பிளேஆஃப் ஆடியது இந்தக் காலத்தில் மட்டும்தான்.

கைமாறியவர்கள்

இந்த வெற்றிக் காலத்திலும் ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. 2020 நவம்பர் 10, துபாயில் நடந்த இறுதிப்போட்டியின் முதல் பந்திலேயே டெல்லியின் ஸ்டாய்னிஸை வீழ்த்தியவர் டிரென்ட் போல்ட். ஓராண்டுக்குமுன் மும்பைக்கு டெல்லியே கொடுத்தனுப்பிய ஆள். 30 ரன்னுக்கு மூன்று விக்கெட், ஆட்டநாயகன் விருது. மும்பையின் தொடக்க ஆட்டக்காரர் குயின்டன் டி காக்கும் முன்னாள் டெல்லிக்காரர்.

இளைஞர்களின் பட்டியல் இன்னும் நீளம். ராகுல் தெவாட்டியாவை ரஹானேவுக்காக ராஜஸ்தானிடம் கொடுத்தார்கள். 2020 செப்டம்பரில் அவர் பஞ்சாப் வீச்சாளர் காட்ரலின் ஒரே ஓவரில் ஐந்து சிக்சர் அடித்தார். 20 லட்சத்துக்கு எடுத்து ஆங்காங்கே ஆடவைத்த ஹர்ஷல் படேலை 2021இல் பெங்களூருவுக்கு விட்டார்கள். அதே சீசனில் அவர் 32 விக்கெட் எடுத்து, ஒரு சீசனின் அதிகபட்ச விக்கெட் சாதனையைச் சமன்செய்தார். 2016இல் 10 லட்சத்துக்கு எடுத்த கலீல் அகமது இரண்டு சீசன் முழுக்க ஓர் ஆட்டமும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2018இல் ஹைதராபாத் அவரை 3 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டே இந்தியாவுக்கு ஆடினார். 2022இல் டெல்லி அவரைத் திரும்ப வாங்கியது, 5.25 கோடிக்கு.

அபிஷேக் சர்மாவின் கதைதான் இதில் மிகவும் சிக்கலானது. தவானைப் பெறுவதற்காக டெல்லி ஹைதராபாத்துக்குக் கொடுத்த மூவரில் அவர் ஒருவர். மற்ற இருவர் விஜய் சங்கர், ஷாபாஸ் நதீம். 2025இல் அபிஷேக் டி20 பேட்டர் தரவரிசையில் உலக முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு ஐபிஎல்லில் பஞ்சாபுக்கு எதிராக 55 பந்தில் 141 அடித்தார். டெல்லி ஏமாந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் தவான் டெல்லிக்குக் கொடுத்தது 2019இல் 521, 2020இல் 618, 2021இல் 587 ரன். அந்த மூன்று ஆண்டுப் பிளேஆஃபும் அவர் இல்லாமல் வந்திருக்காது. அபிஷேக் உண்மையில் வெடித்துக் கிளம்பியது 2024இல், முதல் ஐபிஎல் ஆட்டம் ஆடி ஆறு ஆண்டு கழித்து. அதில் முதல் ஆண்டு போக மீதியெல்லாம் காத்திருந்தது ஹைதராபாத். தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதல்ல. டிஎன்பிஎல் வழியாக வந்த நடராஜனை 2017இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்து ஓராண்டில் விட்டது. ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு சீசன் ஆடவிடாவிட்டாலும் அனுப்பிவிடவில்லை. 2020இல் அவருடைய யார்க்கர்கள் அவரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. வருண் சக்கரவர்த்தியையும் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்து ஒரு சீசனில் கைவிட்டது, கொல்கத்தாதான் தேற்றியது.

மெகா ஏலம் என்னும் கலைப்பு

பழி முழுவதையும் டெல்லி நிர்வாகத்தின் தலையில் கட்டவும் முடியாது. மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மெகா ஏலம், அணிகளின் பலம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே எல்லோரையும் கலைத்துப் போடுகிறது. 2022 ஏலத்துக்குமுன் நான்கு பேரைத்தான் தக்கவைக்கலாம். டெல்லி பந்த், அக்சர், ஷா, நோர்க்யா நால்வரையும் வைத்துக்கொண்டது. ஸ்ரேயஸ் போனார். ஆவேஷ் கானும் போனார். 70 லட்சத்துக்கு எடுத்து, 2019, 2020 இரண்டு சீசனிலும் பெரும்பாலும் பெஞ்சிலேயே வைத்துப் பொறுமையாகக் காத்திருந்து, 2021இல் 24 விக்கெட் வாங்கிக் கொடுத்த பந்துவீச்சாளர் அவர். டெல்லி முறையாக வளர்த்ததற்கு நல்ல உதாரணம். பலன் லக்னோவுக்கு, 10 கோடி ரூபாய்க்கு. வளர்த்த அணிக்கு ஈடாக எதுவும் வராது. கால்பந்தில் உள்ளதுபோலப் பயிற்சிக்கான இழப்பீடு ஐபிஎல்லில் இல்லை.

2024 நவம்பர் ஏலத்தில் இந்தக் கணக்கு முழுசாகத் தெரிந்தது. 1.9 கோடிக்கு வந்த ரிஷப் பந்தைத் திரும்ப வைத்துக்கொள்ள டெல்லி 20.75 கோடிக்கு உரிமை கோரியது. லக்னோ 27 கோடிக்கு உயர்த்தியதும் கையை விரித்தது. 2.6 கோடிக்கு வந்த ஸ்ரேயஸுக்காக 26.5 கோடிவரை போய்ப் பஞ்சாபிடம் தோற்றது. இடையில் கொல்கத்தாவின் கேப்டனாக 2024 கோப்பையை அவர் வென்றிருந்தார். 13 வயது வைபவ் சூரியவன்ஷிக்காக ராஜஸ்தானோடு மல்லுக்கு நின்றதும் டெல்லிதான், 1.1 கோடியில் அங்கேயும் விட்டது. அடுத்த ஏப்ரலில் அந்தப் பையன் 35 பந்தில் சதம் அடித்தான்.

விலையும் ஒரு சுமை

2022க்குப் பிறகான டெல்லியின் முயற்சிகளில் தோல்விகள் அதிகம். 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வென்ற கேப்டன் யஷ் துல் டெல்லிப் பையன். 50 லட்சத்துக்கு வந்தார். 2023இல் நான்கு ஆட்டத்தில் 16 ரன், பிறகு வெளியே. ஜார்க்கண்ட் விக்கெட் கீப்பர் குமார் குஷாக்ராவை 7.2 கோடிக்கு எடுத்தார்கள். ஒற்றை இலக்க ரன்களோடு சீசன் முடிந்தது. மறு ஏலத்தில் அவர் விலை 65 லட்சம். ஆஸ்திரேலியாவின் ஜேக் பிரேசர் மெக்கர்க் 2024இல் மாற்று வீரராக 50 லட்சத்துக்கு வந்து 330 ரன்னை 234 ஸ்ட்ரைக் ரேட்டில் அடித்தார். 9 கோடிக்குத் திரும்ப எடுத்த மறு ஆண்டில் ஆறு ஆட்டத்தில் 55 ரன்.

எதிர்ப்பக்கம் அபிஷேக் போரெல். பந்த் விபத்தில் சிக்கியதால் 2023இல் மாற்றாக வந்தவர். அந்த ஆண்டு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் ஆடவில்லை, வைத்துக்கொண்டார்கள். 2024இல் 327 ரன். 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். சின்ன விலை, குறைந்த எதிர்பார்ப்பு, இரண்டாவது வாய்ப்பு: டெல்லியில் தேறியவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் தேறியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் லக்னோவுக்கு எதிராக ஒரு விக்கெட் மீதமிருக்க ஜெயித்த ஆட்டத்தில் 15 பந்தில் 39 அடித்த விப்ராஜ் நிகமும் 50 லட்சத்துக்கு வந்தவரே.

பிரித்வி ஷா எந்தக் கணக்கிலும் அடங்குவதில்லை. 18 வயதில் ராஜ்கோட்டில் முதல் டெஸ்டிலேயே சதம். 2019இல் இருமல் மருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி எட்டு மாதத் தடை. 2021இல் கொல்கத்தாவின் சிவம் மாவி வீசிய முதல் ஓவரில் ஆறு பந்தும் பவுண்டரி. டெல்லி அவருக்கு ஏழு சீசன் கொடுத்தது. வாய்ப்பு, பணம், பான்டிங் எல்லாம் கிடைத்தன. 2024 நவம்பர் ஏலத்தில் அவரை யாரும் சீண்டவில்லை. 2025 டிசம்பரில் 75 லட்சத்துக்கு டெல்லியே மீண்டும் எடுத்தது. பொறுமை மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கும் டெல்லியிடமே உதாரணம் இருக்கிறது.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்

பத்து மாத இடைவெளியை நிரப்புவதில்தான் அணிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. ராஜஸ்தான் நாக்பூர் அருகே தலேகாவில் ஆண்டு முழுக்க முகாம் நடத்துகிறது. யஷஸ்வி ஜெய்ஸ்வால் அங்கே பந்தடித்துப் பழகியவர். மும்பை, ஜான் ரைட்டின் கண்ணை நம்பி 2013இல் பும்ராவை எடுத்தது; 2022 கோடையில் திலக் வர்மா உள்ளிட்ட பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துப்போய் ஆட வைத்தது. சென்னை, 2025இல் கடைசி இடத்துக்கு இறங்கியபோது 17 வயது ஆயுஷ் மாத்ரேயை நடுவில் இறக்கியது. அந்த டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.2 கோடி கொடுத்தது. அனுபவத்தை நம்பிய அணி, டெல்லி போன பாதைக்கு, டெல்லி கொடுக்காத விலையில் வந்திருக்கிறது.

டெல்லிக்கும் இப்போது வாசலிலேயே ஒரு சந்தை இருக்கிறது. 2024இல் தொடங்கிய டெல்லி பிரீமியர் லீக்கில், அந்த ஆகஸ்ட் 31 அன்று தெற்கு டெல்லி அணி 308 ரன் குவித்தது: ஆயுஷ் பதோனி 165, பிரியான்ஷ் ஆர்யா 120. பிரியான்ஷைப் பஞ்சாப் 3.8 கோடிக்கு எடுத்தது. சுழற்பந்து வீச்சாளர் திக்வேஷ் ராட்டியை லக்னோ 30 லட்சத்துக்கு எடுத்தது. இருவரும் 2025இல் முதல் சீசனிலேயே பேர் வாங்கினார்கள்.

நிலைத்த கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு டெல்லி வெளியே தேட வேண்டியதில்லை. அதன் மகளிர் அணி 2023இல் எடுத்த ஷஃபாலி வர்மாவையும் ஜெமிமா ரோட்ரிக்ஸையும் விடாமல் வைத்திருந்தது. முதல் மூன்று ஆண்டும் மெக் லானிங்தான் கேப்டன். மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் மூன்று இறுதிப்போட்டியிலும் டெல்லி ஆடியது. மூன்றிலும் தோற்றது என்பது வேறு விஷயம். ஆனால் 2025 சீசனுக்காக 55 லட்சத்துக்கு எடுத்த ஆந்திரச் சுழற்பந்து வீச்சாளர் ஸ்ரீ சரணி, அதே ஆண்டு இந்தியா உலகக் கோப்பை வென்றபோது அணியின் முக்கியப் பந்துவீச்சாளர்களில் ஒருவராக இருந்தார்.

ஆண்கள் அணியை இப்போது பயிற்றுவிப்பவர் சென்னையின் ஹேமங் பதானி. கிரிக்கெட் இயக்குநர் வேணுகோபால் ராவ். இருவரும் 2024 அக்டோபரில் வந்தார்கள். அப்போது இரு உரிமையாளர்களும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, 2025, 2026 சீசன்களில் ஆண்கள் அணியை ஜிஎம்ஆரும் மகளிர் அணியை ஜேஎஸ்டபிள்யூவும் நடத்தும். 2027இல் இடம் மாறிக்கொள்ளும். ஸ்ரேயஸ் தேற மூன்று ஆண்டு, ஆவேஷ் தேற நான்கு ஆண்டு, அபிஷேக் சர்மா தேற ஆறு ஆண்டு பிடித்தன. டெல்லியில் நிர்வாகம் கைமாற இரண்டு ஆண்டு. இப்போதைய ஏல விதிகளும் 2027 சீசனோடு முடிகின்றன. அணியின் இளைஞர்களான போரெல், நிகம், சமீர் ரிஸ்வி, தென்னாப்பிரிக்காவின் டிரிஸ்டன் ஸ்டப்ஸ் ஆகியோர் கனிந்து வரும் வேளையில், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பொறுப்பில் இருக்கமாட்டார்கள், பொறுப்புக்கு வருபவர்களுக்கு அவர்களை அறிய ஒரே சீசன் கிடைக்கும், அதன்பின் ஏலம். யாரைத் தக்கவைப்பது என்று அப்போது எழுதப்படும் பட்டியலுக்காக மற்ற ஒன்பது அணிகளும் காத்திருக்கும்.